ஆக்டிவ் என்றால் உயிரோடு இருப்பது என்று நினைத்திருந்தேன்

நம் வீட்டு பீரோவில் ஒரு பச்சை ஃபைல் இருக்கிறது. எனக்கும் உங்கள் அம்மாவுக்கும் உடம்பு ஓய்ந்த பிறகு சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் ஆகிற பணத்தின் தாள்கள் அதில் இருக்கின்றன. உங்கள் இருவர் முன்னாலும் நாங்கள் கை நீட்டி நிற்கக் கூடாது என்று சேர்க்கிற பணம். அதை ஒரு சொல்லைத் தப்பாகப் புரிந்துகொண்டு ஓரிடத்தில் போட்டேன். பிறகு தெரிந்தே வேறிடத்துக்கு மாற்றினேன். மாற்றியதில் உங்கள் தாய்மாமனுக்கு என்மேல் வருத்தம். நாளைக்கு ஏதாவது கல்யாண வீட்டில் யாராவது உங்களிடம் இதை அரைகுறையாகச் சொல்வார்கள். அதற்கு முன்னால் நானே எழுதி வைத்துவிடுகிறேன். நான் பத்தாவதோடு நின்றவன். எழுத்துப் பிழை இருந்தால் பெரியவள் திருத்திக்கொள்.

வேடசந்தூர் சாலையில் இருந்த நூல் மில்லில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தேன். மில் மூடிய நாளில் சின்னவன் கைப்பிள்ளை. அந்த வேலையில் சேர்ந்த என் பி.எஃப். பணம் அப்படியே கிடந்தது. வேறு வேலை தேடுகிற அலைச்சலில் சில வருஷம் அந்தப் பக்கமே நான் திரும்பிப் பார்க்கவில்லை. பி.எஃப். ஆபீஸில் போய்ப் பார்த்தபோது, "உங்க கணக்கு ஆக்டிவ்ல இல்லைங்க" என்றார்கள். மில் தாளில் என் இனிஷியல் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி. மில்லில் கையெழுத்துப் போட்டுத்தர ஆள் இல்லை. அந்தப் பணத்தை மீட்க எட்டு மாதம் நடந்தேன். பணம் முழுசாக வந்தது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த எட்டு மாதத்தில் ஆக்டிவ் என்ற சொல் எனக்குள் ஆணி மாதிரி இறங்கிவிட்டது.

அதற்குப் பிறகு நான் செய்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும், சிரித்தும் இருக்கிறீர்கள். பேசாத சிம் கார்டுக்கு ரீசார்ஜ் போட்டேன். தபால் ஆபீஸ் புத்தகத்தில் மாதம் ஐம்பது ரூபாய் போட்டு அதை உயிரோடு வைத்திருந்தேன். ஆக்டிவ் என்றால் கணக்கு மூச்சு விடுகிறது என்று அர்த்தம். எனக்குத் தெரிந்த அர்த்தம் அது ஒன்றுதான்.

இப்போது கல்யாண மண்டபத்தில் மோட்டாரும் ஜெனரேட்டரும் பார்க்கிற வேலைக்கு பி.எஃப். கிடையாது. ஓய்வுக்காலத்துக்கு நானே சேர்த்தால்தான் உண்டு. அந்த மில் பணத்தை மொத்தமாகவும், சம்பளத்தில் மாதா மாதம் கொஞ்சமாகவும் மியூச்சுவல் ஃபண்டில் போடலாம் என்று உங்கள் மாமா சொன்னார். ஃபண்டு விற்பதுதான் அவருக்குத் தொழில். ஆயக்குடியிலிருந்து தாள்களோடு வந்தார். ஒரு தாளில் இரண்டு வரிசை. ஒன்றின் தலைப்பு ஆக்டிவ். இன்னொன்றின் தலைப்பு இன்டெக்ஸ்.

"இன்டெக்ஸ்னா என்ன மாப்ள?" என்று கேட்டேன்.

"அது சும்மா ஒரு லிஸ்ட்டு மச்சான். அதுல ஆளு மேனேஜ் பண்றதில்ல."

இன்டெக்ஸ் என்றால் நான் கண்டது உங்கள் பள்ளிக்கூட நோட்டின் முதல் பக்கம். தேதி, பாடம், பக்க எண், டீச்சர் கையெழுத்து. அந்தப் பக்கத்தில் பாடம் இருக்காது, பாடம் எங்கே இருக்கிறது என்பதுதான் இருக்கும். முதல் பக்கத்தில் கொண்டுபோய் எவனாவது பணத்தைப் போடுவானா? அதுவும் பக்கத்திலேயே ஆக்டிவ் என்று ஒன்று இருக்கும்போது?

"ஆக்டிவ்லயே போடுப்பா" என்றேன்.

அதோடு நிறுத்தியிருந்தால் போகட்டும். மில்லில் கூட வேலை பார்த்த ஆறு பேரை நானே உங்கள் மாமாவிடம் கூட்டிக்கொண்டு போனேன். "ஆக்டிவ்ல போடுங்கப்பா, இன்னொன்னுல போட்டா கணக்கு செத்துப்போகும்" என்று என் வாயால் சொன்னேன். அவர்களும் என்னை மாதிரி அலைந்தவர்கள், உடனே தலையாட்டினார்கள். உங்கள் மாமா அப்போது என்னைப் பார்த்து ஒரு மாதிரி சிரித்தார். நான் தமாஷ் பண்ணுகிறேன் என்று அவர் நினைத்தாராம். இதைப் பின்னால்தான் சொன்னார்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மாடியில் அந்த ஃபண்டு கம்பெனிகளுக்கான சேவை அலுவலகம் ஒன்று இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மண்டபத்துக்கு பல்பு வாங்கப் போகும்போது மாடியேறி, "என் கணக்கு ஆக்டிவ்ல இருக்காம்மா?" என்று கேட்டுவிட்டு வருவேன். கவுன்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்து, "இருக்கு சார்" என்பாள். ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ அந்தப் பெண் எழுந்தே நின்றுவிட்டாள்.

"சார், நான் ஒண்ணு கேக்கட்டா? எதுக்கு இதையே வந்து வந்து கேக்குறீங்க? யாராச்சும் பயமுறுத்துனாங்களா?"

"இல்லம்மா. ஆக்டிவ் ஃபண்டுதான போட்டுருக்கேன். அது ஆக்டிவாவே இருக்கான்னு பாத்துக்கிறணும்ல?"

பக்கத்துக் கவுன்டர் பையன் குனிந்துகொண்டான், சிரிக்கிறான் என்று தோள் குலுங்கியதில் தெரிந்தது. அவள் சிரிக்கவில்லை. அதற்கு இன்றைக்கும் அவளுக்கு நன்றி சொல்வேன்.

"சார், எந்த ஃபண்டுல போட்டாலும் உங்க கணக்கு உயிரோடதான் இருக்கும். ஆக்டிவ்ங்கிறது அந்த ஃபண்டோட வகை. ஒரு மேனேஜர் உக்காந்து, எந்தக் கம்பெனி பங்கை வாங்கலாம், எதை விக்கலாம்னு பாத்துப் பாத்துச் செய்வாரு. இன்டெக்ஸ்னா பெரிய கம்பெனிங்களோட பட்டியல் ஒண்ணு இருக்கும். அதுல என்னென்ன இருக்கோ எல்லாத்தையும் அதே அளவுல வாங்கி வச்சுருவாங்க."

"அப்ப அது நெசமாவே முதல் பக்கந்தானா?"

"என்ன சார்?"

"ஒண்ணுமில்ல. பட்டியலைப் பாத்து வாங்குறதுன்னா அதுக்கு வேலை கம்மியாச்சே. கூலியும் கம்மியா?"

"ரொம்பக் கம்மி சார்" என்று என் தாளைத் திருப்பி ஒரு வரியைக் காட்டினாள். செலவு விகிதம் என்று இருந்தது. அத்தனை நாளும் என் கண்ணில் படாத வரி. என் ஃபண்டுக்கு நூற்றுக்கு ஒன்றே முக்கால். அதே கம்பெனியின் இன்டெக்ஸ் ஃபண்டில், நடுவில் ஆள் இல்லாமல் நானே போட்டால், கால் கூட இல்லை.

"இது லாபத்துல எடுக்குறதா?"

"மொத்தப் பணத்துல சார். வருசா வருசம். லாபம் வந்தாலும் நட்டம் வந்தாலும்."

படியிறங்கி வந்தேன். பல்பு வாங்க மறந்துபோனேன்.

எனக்குக் கணக்கு வராது என்று நீங்கள் கேலி செய்வீர்கள். சதவீதம் மட்டும் எனக்கு நன்றாக வரும். மில்லில் புளோரூம் என்று ஒன்று உண்டு. கட்டுக் கட்டாக வருகிற பேல் பஞ்சைப் பிரித்து அடித்துச் சுத்தம் பண்ணுகிற இடம். அடிக்கும்போது விதை, சருகு, தூசியோடு கொஞ்சம் நல்ல பஞ்சும் கீழே விழும். அதற்கு வேஸ்ட் என்று பெயர். ஷிப்டு முடியும்போது அதைக் கூட்டி அள்ளி எடை போட்டு, உள்ளே போன பஞ்சில் நூற்றுக்கு எவ்வளவு விழுந்தது என்று போர்டில் எழுதுவதுதான் பதினெட்டு வருஷமும் என் வேலை. அரை சதவீதம் கூடினால் மேனேஜர் ஓடி வருவார். "கண்ணுக்குத் தெரியாம மில்லு தரையில போகுது, நீங்க நின்னு பாத்துக்கிட்டு இருக்கீங்க" என்று கத்துவார். மிஷினை நிறுத்தி, இடைவெளியைச் சரிபண்ணி, மறுபடி ஓட்டி, மறுபடி எடை போடுவோம். அரைக்கே அந்தப் பாடு.

என் பணத்தில் நூற்றுக்கு ஒன்றே முக்கால் கீழே விழுந்துகொண்டிருக்கிறது. எடை போடுகிறவனே கவனிக்காமல் விட்டிருக்கிறேன். மில்லிலாவது ஒரு பேல் ஒருமுறைதான் புளோரூமுக்குள் போகும். இங்கே அதே பேல் வருஷா வருஷம் மறுபடி உள்ளே போகிறது. எனக்கு அறுபது ஆவதற்கு இன்னும் பதிமூன்று வருஷம். அதற்கப்புறமும் பணம் ஒரேயடியாக வெளியே வரப்போவதில்லை.

மேனேஜர் கெட்டிக்காரராக இருந்தால் விழுந்ததுக்கு மேலேயே சம்பாதித்துத் தருவாரே என்றும் யோசித்தேன். தருகிறவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். மில்லிலும் நல்ல பஞ்சாகப் பார்த்து வாங்குகிற ஆள் இருந்தார், அவர் கை வைத்தாலே நூல் அறுகாது என்பார்கள். அவர் கோயம்புத்தூருக்குப் போனார், அடுத்து வந்தவருக்கு அந்தக் கை இல்லை. பதிமூன்று வருஷம், இருபது வருஷம் ஒரே கை எனக்காக அங்கே உட்கார்ந்திருக்கும் என்று நான் எதை வைத்து நம்புவது? மேனேஜர் ஜெயிப்பாரா என்பது எனக்குத் தெரியாது. வேஸ்ட் விழும் என்பது தெரியும். தெரிந்ததைப் பிடிப்பது என்று வீடு வந்து சேருவதற்குள் முடிவு பண்ணிவிட்டேன்.

உங்கள் அம்மாவிடம் சொன்னேன். வெஞ்சனத்துக்கு அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். முழுக்கக் கேட்டுவிட்டு, "அந்த ஒன்னே முக்கால்ல என் தம்பிக்கும் பங்கு இருக்கா?" என்றாள்.

"இருக்கு. வருசா வருசம் அவனுக்கு ஒரு பங்கு போகும். அதான் அவன் பொழப்பு."

"மாத்திட்டா?"

"நம்ம கணக்குல இருந்து அவனுக்கு ஒண்ணும் போகாது."

கத்தியைக் கீழே வைத்தாள். "ரெண்டு பிள்ளைகளையும் மடியில வச்சுக் காது குத்துனவன். சீரு வரிசையில ஒரு குறை வச்சானா? அம்புட்டும் செஞ்சவனுக்கு நீங்க செய்யிற மரியாதையா இது?"

"அவனுக்கு ஆயிரம் செய்யலாம், செய்வோம். ஆனா இது நம்ம ரெண்டு பேரும் படுத்துக் கிடக்குறப்போ சாப்பிடுற பணம். அன்னைக்கு உன் தம்பிக்கும் வயசாகியிருக்கும். அவனா வந்து ஊட்டுவான்?"

மிச்ச அவரைக்காயையும் எடுத்து நறுக்கி முடித்தாள். அவள் இன்றைக்கும் வேறொரு மில்லில் நூல் சுற்றுகிற கோன் வைண்டிங்கில் நிற்கிறவள். வேஸ்ட் என்றால் அவளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கடைசியில், "செய்யிறதுன்னா அவன் மூஞ்சியப் பாத்துச் சொல்லிட்டுச் செய்யிங்க. பின்னாடி செஞ்சுபுட்டு அவனா தெரிஞ்சுக்கிறட்டும்னு விட்டீங்க, நான் பேசமாட்டேன் உங்ககிட்ட" என்றாள். அவள் கேட்டது நியாயம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆயக்குடிக்குப் போகப் பழனி பஸ்ஸில் ஏறினோம். நீங்கள் இருவரும் வீட்டில் இருந்தீர்கள், நாங்கள் விசேஷத்துக்குப் போவதாக நினைத்தீர்கள். பஸ்ஸில் மலைக்குப் போகிற கூட்டம். ஒட்டன்சத்திரம் தாண்டும்வரை நின்றுகொண்டே போனேன். என்ன சொல்ல வேண்டும் என்று நான்கு தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன்.

உங்கள் அத்தை வாசலுக்கே வந்துவிட்டாள். அவள் ஒட்டன்சத்திரம் பக்கத்துப் பெண், பேச்சே அப்படித்தான் இருக்கும். "வாங்கண்ணா, வாங்க அண்ணி. ஏனுங்க, யாரு வந்திருக்காங்க பாருங்க."

காப்பி வந்தது. காப்பி ஆறுவதற்குள் சொல்லிவிட்டேன். தள்ளிப்போட்டால் சாப்பிடச் சொல்வார்கள், அவர்கள் வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு என்னால் சொல்ல முடியாது.

"மாப்ள, ஆக்டிவ்ல இருந்து இன்டெக்ஸுக்கு மாத்தப் போறேன். நேரடியாப் போடப் போறேன். உன்கிட்டச் சொல்லாமச் செய்யக் கூடாதுன்னு வந்தேன்."

அவர் முகம் சுருங்கியது. ஆனாலும் தொழில் தெரிந்தவர், உடனே பேச ஆரம்பித்துவிட்டார். "மச்சான், இன்டெக்ஸ்னா டிரைவர் இல்லாத பஸ்ஸு. இங்க மேனேஜர் கண்ணுல வெளக்கெண்ணெய ஊத்திக்கிட்டுப் பாத்துக்கிட்டு இருக்காரு. மூணு வருசமா இந்த ஃபண்டுதான் டாப்பு."

"அதுக்கு முந்தி மூணு வருசம் எது டாப்பு?"

"அது வேற ஃபண்டு."

"அது இப்ப எங்க இருக்கு?"

"அந்த மேனேஜர் வேற கம்பெனிக்குப் போயிட்டாரு மச்சான்."

உங்கள் அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் சிரிக்கவில்லை. "சரி, உன் பணம் எதுல இருக்கு மாப்ள?" என்று கேட்டேன்.

அவர் பதில் சொல்வதற்குள் அடுப்படியிலிருந்து உங்கள் அத்தை, "இவுரு எங்கீங்கண்ணா ஃபண்டுல போட்டாரு? கொய்யாத் தோப்பைக் குத்தகைக்குப் புடிச்சு அதுல போட்டிருக்காருங்க" என்றாள்.

"நீ சும்மா இரு" என்று அவர் ஒரு சத்தம் போட்டார். பிறகு குரல் இறங்கிவிட்டது. "மச்சான், உங்க ஒரு கணக்குன்னா நான் கவலைப்படமாட்டேன். நீங்க கூட்டியாந்த ஆறு பேரு இருக்காங்க. நீங்க மாத்துனது தெரிஞ்சா அவங்களும் போயிருவாங்க. எனக்கு நாப்பது கணக்குதான் இருக்கு. அதுல ஏழு போச்சுன்னா யோசிச்சுப் பாருங்க."

இது நான் நான்கு தடவை சொல்லிப் பார்த்ததில் இல்லாதது. அவருக்கும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள்.

"இன்டெக்ஸ்தான் வேணும்னா என் மூலமாவே போடுங்களேன். எனக்குக் கொஞ்சம் கம்மியா வரும், பரவால்ல" என்றார்.

"மாப்ள, உனக்குத் தர மாட்டேன்னு சொல்லல. நீ தாள் எழுதித் தா, வருசத்துக்கு ஒருக்க வந்து பாத்துத் தா, அதுக்கு என்ன கூலியோ சொல்லு, கையில தாரேன். கண்ணுக்குத் தெரியாமத் தரையில விழுறது மட்டும் வேணாம்."

"அக்கா வீட்டுல நான் கூலி வாங்கவா?" என்று அவர் எழுந்துவிட்டார். அந்த வார்த்தை அவரைச் சுட்டுவிட்டது. நான் நல்ல மனசோடுதான் சொன்னேன், சொன்ன விதம் பிசகிவிட்டது. உங்கள் அம்மா அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "அவரு பணத்தை அவரு மாத்துறாருடா. உன்னைய யாரு மாத்துறா?" என்றாள். அவர் உட்கார்ந்தார், ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை. அன்றைக்குச் சாப்பிடாமல்தான் திரும்பினோம். உங்கள் அத்தை பஸ் நிறுத்தம் வரை கூடவே வந்து நின்றாள்.

ஆறு பேர் விஷயம் திரும்பி வரும்போது முழுக்க என்னை அரித்தது. நான் பேசாமல் இருந்துவிட்டால் உங்கள் மாமாவுக்கு ஆறு கணக்கு மிஞ்சும். ஆனால் கணக்கு செத்துப்போகும் என்று அவர்களுக்குச் சொன்னது நான். உங்கள் மாமா அப்படி ஒரு சொல் சொல்லவில்லை. அந்தப் பொய்யை, தெரியாமல் சொன்னதுதான் என்றாலும், அங்கேயே விட்டுவைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

மறுவாரம் வேடசந்தூர் பிரிவு டீக்கடைக்கு ஆறு பேரையும் வரச் சொன்னேன். உள்ளதை உள்ளபடி சொன்னேன். ஒருவர் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "எலே, ஆக்டிவ்னா உசுரோட இருக்குன்னு நெனச்சியா? நானும் அப்படித்தாம்பா நெனச்சேன்" என்றார். இன்னொருவருக்குக் கோபம். "அன்னைக்கு இதுல போடுன்ன. இன்னைக்கு மாத்துங்கிற. அடுத்த வருசம் என்ன சொல்லுவ?"

"மாத்துன்னு சொல்லலப்பா. அன்னைக்கு நான் சொன்ன காரணம் தப்பு. அதைத்தான் திருப்பி எடுத்துக்கிறேன். மேனேஜர் வேணும்னு நீ நெனச்சா அதுலயே இரு, உன் கணக்கு சாகாது. நான் மட்டும் ஏன் மாத்துறேன்னு கேட்டா, வேஸ்ட்டுக்காக."

மூன்று பேர் மாற்றினார்கள். மூன்று பேர் அப்படியே இருந்தார்கள், கோபப்பட்டவர் அதில் ஒருவர். உங்கள் மாமாவுக்கு என்னால் நான்கு கணக்கு போனது. அதை நான் மறைக்கவில்லை, நியாயப்படுத்தவும் இல்லை. போனது போனதுதான்.

மாடி அலுவலகத்தில் மாற்றுகிற தாளை நானே நிரப்பினேன். மூன்று தாள் வீணானது. மாற்றினால் வந்த லாபத்துக்கு வரி வருமா என்று கேட்டு எழுதிக்கொண்டேன். அந்தப் பெண் நிரப்பித் தருகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன். இனி இதை நான்தான் பார்க்க வேண்டும், முதல் தாளிலேயே அடுத்தவர் கையை நம்பினால் எப்படி? மாதா மாதம் போகிற பணமும் இப்போது அந்தப் பட்டியல் ஃபண்டுக்கே போகிறது. பத்தாம் தேதிக்கு முன்னால் வங்கிக் கணக்கில் பணம் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன்.

மாற்றிய நாலாவது மாதமே சந்தை இறங்கியது. உங்கள் அம்மா செய்தியைப் பார்த்துவிட்டு, "பயமா இருக்கா?" என்றாள்.

"இருக்கு."

"திருப்பி மாத்துவீங்களா?"

"மாட்டேன்."

எல்லாமே இறங்கியது, பழைய ஃபண்டும்தான். ஆனால் பழையது கொஞ்சம் கம்மியாக இறங்கியிருந்தது. அந்த மேனேஜர் ஏதோ செய்திருக்கிறார், அவர் கெட்டிக்காரர்தான். தீபாவளிக்கும் எங்களோடு சரியாகப் பேசாத உங்கள் மாமா அன்றைக்கு அவரே போன் பண்ணினார். குரலில் பழைய கேலி இருந்தது. அதைக் கேட்டதுமே எனக்குப் பாதிப் பாரம் இறங்கிவிட்டது.

"மச்சான், பாத்தீங்களா? நம்ம ஃபண்டு உங்க இன்டெக்ஸை விட மேல நிக்குது."

"பாத்தேன் மாப்ள."

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. ஒரு தாள்தான். திரும்பி வந்துரலாம்."

"பணம் வராது மாப்ள. அது இன்னும் இருபது வருசத்துக்கு அங்கனதான் கெடக்கும். நான் வேணா வாரேன், ஞாயித்துக்கிழமை. அக்காவையும் கூட்டிக்கிட்டு."

பக்கத்தில் யாரிடமோ ஏதோ கேட்டார். பிறகு, "காப்பிக்கா, சாப்பாட்டுக்கா?" என்றார்.

"சாப்பாட்டுக்கு" என்றேன்.